அத்தியாயம் 7: நிறுவிய எழுத்துரு பட்டியலில் வராவிட்டால்

எழுத்துருவை நிறுவியாயிற்று. விண்டோஸும் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்டிசைனைத் திறந்து பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தால் அந்தப் பெயரைக் காணோம். டி.டி.பி. வேலை செய்கிறவர்களில் இதைச் சந்திக்காதவர் அநேகமாக இருக்க மாட்டார். பிளேட்டுக்குப் போகும் அவசரத்தில் நேர்ந்துவிட்டால் கை பதறும்.

அந்தப் பதற்றத்தில் பலர் அதே ஃபைலை மறுபடி மறுபடி நிறுவுவார்கள். சிலர் அதே பெயரில் இன்னொன்றை எங்கிருந்தோ இறக்கி அதையும் போடுவார்கள். கடைசியில் மென்பொருளையே நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுகிறவர்களும் உண்டு. இவை எதுவும் காரணத்தைத் தொடுவதில்லை. ஒரே எழுத்துருவின் பல நகல்கள் கணினியில் சேர்ந்து புதுச் சிக்கலைக் கிளப்புவதுதான் மிச்சம்.

ஓர் எழுத்துரு உங்கள் பட்டியலுக்கு வந்து சேர நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும். ஃபைல் பழுதில்லாமல் இருக்க வேண்டும். இயங்குதளம் அதைச் சரியான இடத்தில் பதிவு செய்ய வேண்டும். மென்பொருள் அந்த வகையை ஏற்க வேண்டும். பட்டியல் அதை எந்தப் பெயரில் காட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் சில நிமிட வேலை. எனவே கண்டுபிடிக்கும் வரை எதையும் நீக்காதீர்கள், எதையும் மறுபடி நிறுவாதீர்கள்.

முதல் சோதனை

வேலையைச் சேமித்து, மென்பொருளை முழுவதுமாக மூடித் திறங்கள். பல மென்பொருள்கள் தொடங்கும்போது மட்டுமே எழுத்துருப் பட்டியலைப் படிக்கின்றன. அவை திறந்திருக்கும்போது நிறுவியது அடுத்த முறை திறக்கும்போதுதான் தெரியவரும்.

அப்படியும் வரவில்லை என்றால் வேறொரு மென்பொருளில் பாருங்கள். வேர்டு போதும். இப்போது பிரச்சினை இரண்டாகப் பிரியும். எந்த மென்பொருளிலும் வரவில்லை என்றால் கோளாறு ஃபைலில் அல்லது இயங்குதளத்தில். வேர்டில் வந்து இன்டிசைனில் வரவில்லை என்றால் கோளாறு எழுத்துருவின் வகையில், அது பதிவான இடத்தில், அல்லது மென்பொருள் வைத்திருக்கும் பட்டியல் நகலான கேஷில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேறு எதிலும் கை வைக்க வேண்டாம்.

பட்டியலில் இருக்கிறது, கண்ணில் படவில்லை

செலவில்லாத காரணங்களை முதலில் பார்த்துவிடலாம்.

அடோபி மென்பொருள்களின் எழுத்துருப் பட்டியலுக்கு மேலே ஃபில்டர்கள் உண்டு. நட்சத்திரக் குறியை அழுத்தியிருந்தால் நீங்கள் நட்சத்திரமிட்டவை மட்டுமே தெரியும். மேகக் குறியை அழுத்தியிருந்தால் அடோபி ஃபான்ட்ஸ் சேவையிலிருந்து வந்தவை மட்டுமே தெரியும். வேறு யாராவது அந்தக் கணினியில் வேலை பார்த்துவிட்டுப் போயிருந்தால் இதை முதலில் கவனியுங்கள்.

அடுத்தது தேடும் பெட்டி. அதன் பூதக்கண்ணாடிக் குறியை அழுத்தினால் இரண்டு வழிகள் வரும்: பெயர் முழுவதிலும் தேடுவது, முதல் சொல்லில் மட்டும் தேடுவது. இரண்டாவது தேர்வாகியிருந்தால், ‘மலர்’ என்று தேடும்போது ‘முக்தா மலர்’ கிடைக்காது.

மூன்றாவது, வரிசை. பெயர் அகரவரிசையில் எங்கே வர வேண்டுமோ அங்கே மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கான எழுத்துருக்கள் பட்டியலின் அடியில் தனித் தொகுதியாக வரக்கூடும். கடைசி வரை உருட்டிப் பாருங்கள்.

நான்காவதுதான் பலரையும் அலைக்கழிப்பது. ஃபைலின் பெயர் வேறு, எழுத்துருவின் பெயர் வேறு. மென்பொருள் காட்டுவது ஃபைலுக்குள் எழுதப்பட்ட பெயரை. ஃபைலின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றினாலும் உள்ளிருக்கும் பெயர் மாறாது. ஃபைலை இருமுறை கிளிக் செய்தால் மாதிரி எழுத்துகளோடு ஒரு சாளரம் திறக்கும். அதன் மேற்பகுதியில் உள்ள பெயரைக் குறித்துக்கொண்டு பட்டியலில் அதைத் தேடுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டு பெயர்களுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது.

குடும்பமும் கனமும்

பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். தமிழும் லத்தீனும் கொண்ட இது கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. மிக மெல்லிய கோட்டிலிருந்து மிகத் தடித்த கோடு வரை 9 கனங்கள் இதில் உண்டு. இறக்கிய ஜிப்பைப் பிரித்தால் மேலே ‘வேரியபிள்’ என்று பெயர் கொண்ட ஒரே ஃபைல் இருக்கும். அதன் பக்கத்தில் ‘ஸ்டேட்டிக்’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் கனத்துக்கு ஒன்றாக 9 ஃபைல்கள்.

ஸ்டேட்டிக் ஃபைல்களை நிறுவினால் இன்டிசைனில் ‘கேட்டமரன்’ என்ற ஒரே பெயர்தான் வரும். கனங்கள் அதன் பக்கத்தில் உள்ள ஸ்டைல் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். ‘செமிபோல்டு’ வரவில்லையே என்று தேடுகிறவர் பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டு ஸ்டைல் பெட்டியைத் திறக்க வேண்டும். வேர்டில் கதை வேறு. ஒரு குடும்பத்துக்கு சாதாரணம், தடிமன், சாய்வு, தடித்த சாய்வு என்ற நான்கு வடிவங்களை மட்டுமே கொள்ளும் பழைய முறையை விண்டோஸின் பல மென்பொருள்கள் இன்னும் பின்பற்றுகின்றன. அங்கே கேட்டமரன் தின், கேட்டமரன் மீடியம் என்று ஒவ்வொன்றும் தனிக் குடும்பமாக நிற்கும். இரண்டும் சரிதான். ஒரே எழுத்துருவை இரண்டு மென்பொருள்கள் இரண்டு விதமாக அடுக்கிக் காட்டுகின்றன, அவ்வளவே.

சிக்கல் வருவது வேரியபிளையும் ஸ்டேட்டிக்கையும் சேர்த்து நிறுவும்போது. இரண்டுக்கும் உள்ளே ஒரே குடும்பப் பெயர் என்பதால் சில கனங்கள் இரட்டையாகத் தெரியும், சில மறைந்துபோகும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேரியபிள் வகையை போட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் 2018 பதிப்பிலும், இன்டிசைன் 2020 பதிப்பிலும்தான் ஏற்கத் தொடங்கின. உங்களிடம் அதைவிடப் பழைய பதிப்பு இருந்தால், அல்லது ஃபைல் வேறோர் அச்சகத்துக்குப் போக வேண்டியிருந்தால், ஸ்டேட்டிக்கே பாதுகாப்பு.

விண்டோஸ் எங்கே நிறுவியது?

வேர்டிலும் வரவில்லை என்றால், அல்லது சில மென்பொருள்களில் மட்டும் வரவில்லை என்றால், அடுத்து விண்டோஸைப் பாருங்கள்.

விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர் வெளியீட்டிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. அதற்கு முன்பு எழுத்துரு நிறுவ அட்மின் உரிமை வேண்டும். ஃபைல் நேராக விண்டோஸின் பொது ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகும். இப்போது ‘இன்ஸ்டால்’ என்று அழுத்தினால் அந்தக் கணக்கில் நுழைந்திருப்பவருக்கு மட்டும் நிறுவப்படும். ஃபைலும் அவருடைய சொந்த ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பழைய மென்பொருள்கள் பல அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. வேறு கணக்கின் உரிமையில் ஓடும் மென்பொருளுக்கும் அது தெரியாது. ஆபரேட்டர் ஒருவர் நிறுவியது, அதே கணினியில் மாலை ஷிஃப்டுக்கு வேறு கணக்கில் நுழைபவருக்குக் கிடைக்காது.

தீர்வு எளிது. செட்டிங்ஸில் உள்ள ஃபான்ட்ஸ் பக்கத்தில் அந்த எழுத்துருவை நீக்குங்கள். பிறகு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதை அழுத்திய பிறகு இது தெரியலாம். பல பேர் புழங்கும் அலுவலகக் கணினியில் எப்போதும் இப்படியே நிறுவுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஜிப்பாக வந்த ஃபைலை முதலில் ஒரு ஃபோல்டரில் பிரித்து வைத்துவிட்டு, அங்கிருந்து நிறுவுங்கள்.

கன்ட்ரோல் பேனலின் ஃபான்ட்ஸ் பகுதியில் ‘ஃபான்ட் செட்டிங்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு டிக் பெட்டிகளைக் கவனியுங்கள். ஒன்று, உங்கள் மொழி அமைப்புக்குத் தொடர்பில்லாத எழுத்துருக்களை மறைப்பது. கணினியில் தமிழ் மொழியைச் சேர்க்காமல் தனி விசைப்பலகை மென்பொருளை வைத்துத் தட்டச்சு செய்கிறவர்களிடம் இது தன் வேலையைக் காட்டும். தமிழ் எழுத்துருக்கள் மங்கிய நிறத்தில் தெரியும், சில மென்பொருள்களின் பட்டியலிலும் வராது. டிக்கை எடுத்துவிடுங்கள். மற்றொன்று, ஷார்ட்கட் மூலம் நிறுவ அனுமதிப்பது. இப்படி நிறுவினால் விண்டோஸ் ஃபைலை நகலெடுக்காது, அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். பென்டிரைவிலிருந்து இவ்வாறு நிறுவியிருந்தால், அதைக் கழற்றியவுடன் எழுத்துருவும் போய்விடும்.

லதா எழுத்துருவையும் இங்கே சொல்ல வேண்டும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து விண்டோஸோடு வந்துகொண்டிருந்த யூனிகோடு தமிழ் எழுத்துரு அது. எத்தனையோ பழைய ஆவணங்கள் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10இலிருந்து லதாவும், விஜயா என்ற இன்னொரு தமிழ் எழுத்துருவும் எல்லாக் கணினிகளிலும் தானாக வருவதில்லை. தமிழுக்கான இயல்பான எழுத்துருவாக நிர்மலா யூஐ மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டும் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்ற விருப்பத் தொகுப்புக்குள் போய்விட்டன. செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குப் போய் அந்தத் தொகுப்பைச் சேர்த்தால் இரண்டும் முறைப்படி வந்துவிடும். லதாவுக்காகப் பிற தளங்களைத் தேடி அலைய வேண்டாம்.

மேக், லினக்ஸ்

மேக்கில் ஃபான்ட் புக் மென்பொருளைத் திறந்து, எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, ‘வேலிடேட்’ கொடுங்கள். பழுது இருந்தால் எச்சரிக்கும். ஒரே எழுத்துருவின் இரண்டு நகல்கள் இருந்தால் அதையும் சுட்டிக்காட்டும். பயனரின் லைப்ரரியில் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர் அவருக்கு மட்டும் உரியது. டிஸ்க்கின் மேல்மட்டத்தில் உள்ள லைப்ரரியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் எல்லோருக்கும் பொது.

லினக்ஸில் ஃபைலைப் போட்ட பிறகு டெர்மினலில் ‘எஃப்சி-கேஷ்’ கட்டளையை ஓட்டுங்கள். ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளை கணினி அறிந்த எழுத்துருக்களைப் பட்டியலிடும். அதில் பெயர் இருந்தால் இயங்குதளம் தன் பங்கைச் செய்துவிட்டது என்று பொருள்.

மென்பொருள் ஏற்காத வகைகள்

எழுத்துரு கணினியில் ஒழுங்காக இருக்கிறது, இன்டிசைன் மட்டும் காட்ட மறுக்கிறது என்றால் அதன் வகையைப் பாருங்கள்.

பழைய அச்சகங்களில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துருக்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. 1980களில் அடோபி உருவாக்கிய வகை இது. விண்டோஸில் ஒவ்வோர் எழுத்துருவும் பி.எஃப்.பி., பி.எஃப்.எம். என்று இரண்டு ஃபைல்களாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2013 பதிப்போடு இதைக் கைவிட்டது. போட்டோஷாப் 2021இல் நிறுத்தியது. இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் உள்ளிட்ட மற்ற அடோபி மென்பொருள்கள் 2023 ஜனவரியில் நிறுத்தின. மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் எழுத்துருக்கள் கும்பலாகக் காணாமல் போனால் பெரும்பாலும் இதுவே காரணம். மறுபடி நிறுவிப் பயன் இல்லை. எழுத்துருவை வெளியிட்டவரிடம் ஓப்பன்டைப் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அது கிடைக்கும் வரை பழைய வேலைகளைத் திறப்பதற்கென்று ஒரு கணினியில் பழைய பதிப்பை விட்டுவையுங்கள். டைப் 1 எழுத்துரு பதிக்கப்பட்ட பி.டி.எஃப். ஃபைல்கள் முன்போலவே திறக்கும், அச்சுக்கும் போகும். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வாஃப் வகை ஃபைல்கள் இணையதளங்களுக்கு உரியவை. அவற்றை விண்டோஸில் நிறுவ முடியாது. டி.டி.எஃப். அல்லது ஓ.டி.எஃப். ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

பிரவுசருக்குள் ஓடும் மென்பொருள்களுக்கு உங்கள் கணினியின் எழுத்துருக்கள் தாமாகத் தெரியாது. ஃபிக்மாவைப் பிரவுசரில் பயன்படுத்தினால் அதன் எழுத்துரு இணைப்பு மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். டெஸ்க்டாப் ஃபிக்மாவுக்கு அது தேவையில்லை. கேன்வாவில் எழுத்துருவை அப்லோடு செய்தால்தான் வரும். அடோபி ஃபான்ட்ஸ் சேவையிலிருந்து எடுத்தவை கிரியேட்டிவ் கிளவுடில் நீங்கள் நுழைந்திருக்கும்போது மட்டுமே கிடைக்கும். லாக்அவுட் ஆகியிருந்தால் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

ஒரே பெயரில் இரண்டு

தமிழ் டி.டி.பி.யில் மிக அதிகமாகக் கவனம் வேண்டிய இடம் இது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் கை மாறிக் கை மாறி வந்தவை. யாரோ ஒருவர் ஓர் எழுத்தைத் திருத்தியிருப்பார், இன்னொருவர் இடைவெளியை மாற்றியிருப்பார், உள்ளிருக்கும் பெயரை மட்டும் எவரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

வாடிக்கையாளர் ஒருவர் திருமண அழைப்பிதழ் மேட்டரோடு பாமினி எழுத்துருவையும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலின் பெயர் ‘பாமினி புதியது’. உள்ளே இருக்கும் பெயர் வெறும் ‘பாமினி’. உங்கள் கணினியில் ஏற்கெனவே ஒரு பாமினி உண்டு. நிறுவும்போது விண்டோஸ் கேட்கும்: இது ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா? ‘நோ’ என்றால் புதியது நிறுவப்படாது. பட்டியலில் தெரிவது உங்கள் பழைய பாமினியே. ‘யெஸ்’ என்றால் பழையது போய்விடும். போன மாதம் முடித்த ஒரு புத்தகத்தைத் திருத்தத்துக்காகத் திறக்கும்போது எழுத்தின் அகலம் நூலிழை மாறியிருக்கும். வரிகள் வேறு இடத்தில் மடியும், பக்கங்கள் தள்ளிப்போகும். புரூஃப் பார்த்து முடித்த புத்தகத்தை மறுபடி முழுவதும் பார்க்க வேண்டி வரும்.

எனவே அந்தக் கேள்வி திரையில் வந்தால் நின்று யோசியுங்கள். பழைய ஃபைலை எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளாமல் ‘யெஸ்’ அழுத்தாதீர்கள். இரண்டும் வேண்டும் என்றால் ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் ஒன்றின் உட்பெயர்களை மாற்றலாம். குடும்பப் பெயர், முழுப் பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டும். எழுத்துருவின் உரிமம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேஷைத் துடைப்பது

மேற்சொன்ன எதுவும் காரணம் இல்லை என்று உறுதியான பிறகே இதற்கு வாருங்கள். ஒவ்வொரு முறையும் எல்லா ஃபைல்களையும் படிக்காமல் இருக்க, விண்டோஸும் மென்பொருள்களும் எழுத்துருப் பட்டியலின் நகலை வைத்திருக்கும். அதுதான் கேஷ். அது கெட்டுப்போனால் நிறுவியது தெரியாது, நீக்கியது தெரிந்துகொண்டிருக்கும்.

விண்டோஸில் ‘சர்வீசஸ்’ சாளரத்தைத் திறந்து ‘விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சர்வீஸ்’ என்பதை நிறுத்துங்கள். அட்மின் உரிமையோடு, அந்தச் சேவையின் ஃபான்ட்கேஷ் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை அழித்துவிட்டு, சேவையை மறுபடி தொடங்கிக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடோபி மென்பொருள்களுக்கு, எல்லாவற்றையும் மூடிவிட்டு, ‘அடோபிஎஃப்என்டி’ என்று தொடங்கி ‘எல்எஸ்டி’ என்று முடியும் ஃபைல்களைத் தேடி அழியுங்கள். மென்பொருளே அவற்றைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். மேக்கை ஒரு முறை சேஃப் மோடில் தொடங்கினால் கேஷ் தானாகத் துடைக்கப்படும்.

அதன் பிறகும் வரவில்லை என்றால் ஃபைலைச் சந்தேகிக்கலாம். வேறொரு கணினியில் அதே ஃபைலை நிறுவிப் பாருங்கள். அங்கும் வரவில்லை என்றால் ஃபைல் பழுது. மூலத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

பெயர் வந்தது, எழுத்து வரவில்லை

பட்டியலில் பெயர் வந்துவிட்டது, தேர்ந்தெடுத்தால் கட்டங்களோ ஆங்கில எழுத்துகளோ நிற்கின்றன என்றால் நிறுவியதில் குறை இல்லை. மேட்டரின் குறியாக்கமும் எழுத்துருவின் குறியாக்கமும் வேறு வேறு. பாமினி, டாப், டாம் போன்றவற்றில் தட்டிய மேட்டர், லத்தீன் எழுத்துகளுக்கும் குறிகளுக்குமான இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுதப்பட்டது. யூனிகோடு எழுத்துருவை அதற்குக் கொடுத்தால் தமிழ் வராது. டேஸ்16 மேட்டரையும் அதற்குரிய எழுத்துருவில் மட்டுமே படிக்க முடியும். முதலில் மேட்டரைக் குறியாக்க மாற்றியில் போட்டு மாற்றுங்கள், பிறகு எழுத்துருவைக் கொடுங்கள். பேஜ்மேக்கர் அதன் கடைசிப் பதிப்பான 7 வரை யூனிகோடை அறியாதது. அதில் யூனிகோடு எழுத்துருவைக் கொண்டு தமிழ் எழுத முயல வேண்டாம்.

தமிழ் வருகிறது, ஆனால் உடைந்து வருகிறது என்றால் காரணம் இன்னொன்று. ‘கொ’ என்று தட்டினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும், காலும் தனியாகத் தெரியும். இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவைத் திறந்து ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து அதே கணத்தில் ஒழுங்காகும். அதைப் பாராகிராஃப் ஸ்டைலிலேயே பதித்து வைத்தால் ஒவ்வொரு வேலையிலும் தேட வேண்டியதில்லை. 2022க்கு முந்தைய போட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸின் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான என்ஜினைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புதிய ஆவணத்தைத் திறந்து பாருங்கள்.

மறுபடி வராமல் இருக்க

எழுத்துருவை வேலையோடு சேர்த்து வையுங்கள். இன்டிசைனில் ‘பேக்கேஜ்’ கொடுத்தால், ஆவணத்தின் பக்கத்திலேயே ‘டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்’ என்ற ஃபோல்டர் உருவாகும். பொதுவாக டெஸ்க்டாப் எழுத்துருக்கள் அதில் நகலாகும். அடோபி ஃபான்ட்ஸிலிருந்து வந்தவை அதில் வராது. அந்த ஆவணத்தை வேறு கணினியில் திறந்தாலும் இன்டிசைன் அந்த ஃபோல்டரிலிருந்து எழுத்துருவை எடுத்துக்கொள்ளும், நிறுவ வேண்டியதே இல்லை. முடிந்த ஒவ்வொரு வேலையையும் பேக்கேஜாகவே சேமியுங்கள்.

அலுவலகத்தில் எழுத்துருக்களுக்கு ஒரே ஒரு மூல ஃபோல்டர் இருக்கட்டும். புதிதாக வருவது எதுவானாலும் முதலில் அங்கே போகட்டும். அதன் பக்கத்தில் ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் இந்த ஐந்தையும் எழுதுங்கள்:

1. ஃபைலின் பெயர்.
2. உள்ளிருக்கும் பெயர்.
3. குறியாக்கம்: யூனிகோடா, பாமினியா, டாமா, டேஸா.
4. வகை: டைப் 1, டி.டி.எஃப்., ஓ.டி.எஃப்., வேரியபிள்.
5. யாரிடமிருந்து, எந்த உரிமத்தில் வந்தது.

இந்தப் பதிவேட்டைப் புதிதாக வேலைக்குச் சேர்பவரிடம் முதல் நாளே காட்டுங்கள். அடுத்த முறை ஓர் எழுத்துரு பட்டியலில் வராதபோது அவர் தேட வேண்டிய பெயர் என்ன, மென்பொருள் அதை ஏற்குமா, மேட்டர் அதற்குப் பொருந்துமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கணினியைத் தொடும் முன்பே அவர் கையில் இருக்கும்.